வால்பேப்பர் மாற்றவா சோதனைப் பதிப்பு?

புது இயங்குதளம் ஒன்றின் சோதனைப் பதிப்பு வெளிவந்தால் கல்லூரி விடுதிகளில் என்ன நடக்கிறது? முதல் நாள் தரவிறக்கம். இரண்டாம் நாள் நிறுவல். மூன்றாம் நாள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்குக் காட்டுதல். "பாத்தியா மச்சி, எப்படி மின்னுது!" நான்காம் நாள் சவுண்டு கார்டோ வைஃபையோ மக்கர் பண்ணும். உடனே "சே, சரியான குப்பை" என்று அழித்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுவார்கள். சோதனை இனிதே முடிந்தது. இதில் உண்மையில் சோதிக்கப்பட்டது என்ன? வால்பேப்பர் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. விவரமானவர்களாம். "பீட்டாவை எல்லாம் தொடவே கூடாது, முழுசா வரட்டும், சர்வீஸ் பேக் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். முழுசாக வந்தும் விடும். வந்தபிறகு தமிழில் ஒரு கோப்புக்குப் பெயர் வைத்துப் பார்த்துவிட்டு, "எழுத்து உடையுது, தேடினா கிடைக்கல, தமிழன்னா எவனுக்கும் இளக்காரம்" என்று ஆரம்பிப்பார்கள். இந்தப் புலம்பல் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சோதனைப் பதிப்பு என்பது ரிலீசுக்கு முன்னாலேயே ஓசியில் கிடைத்த புதுப்படம் அல்ல. ஒரு மென்பொருள் இன்னும் இறுகாமல் ஈரக் களிமண்ணாக இருக்கும் சில மாதங்கள் அவை. விரல் வைத்தால் தடம் விழும். சூளையில் வெந்தபிறகு விரல் வைத்தால் விரல்தான் வலிக்கும். தமிழில் தட்டுகிறவர்கள் அந்த ஈர காலத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வெந்தபிறகு கத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

கொஞ்சம் பழைய கதை பார்க்கலாம். 2009 ஜனவரியில் விண்டோஸ் 7 பீட்டாவை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் திறந்துவிட்டது. முதலில் 25 லட்சம் பேருக்கு மட்டும் என்றார்கள். வந்த கூட்டத்தில் சர்வர்கள் திணறின. பிறகு அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். 32 பிட் கோப்பு சுமார் இரண்டரை ஜிபி. அன்றைய 256 கேபிபிஎஸ் இணைப்பில் அது இறங்க கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ஆகும். அதனால் பிஎஸ்என்எல்லின் இரவு இலவச நேரத்துக்காக விடியற்காலை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. அவ்வளவு பாடுபட்டு இறக்கியவர்கள் முதலில் பார்த்தது திரையில் நீந்திய ஒரு மீனை. 'பீட்டா' என்ற பெயரை வைத்து விளையாடி 'பெட்டா' என்ற சண்டை மீனின் படத்தைப் பின்னணியாக வைத்திருந்தார்கள். மீனைப் பார்த்தவர்களில் பலர் அதோடு சரி.

அதே பீட்டாவில் ஒரு வில்லங்கமும் இருந்தது. எம்பி3 பாட்டுக் கோப்புகளின் விவரங்களை மீடியா பிளேயர் திருத்தும்போது, பாட்டின் தொடக்கத்தில் சில விநாடிகள் வெட்டுப்பட்டுப் போயின. அதற்கு உடனே ஒட்டு வெளியிட்டார்கள். காரணம், பாட்டு உலகம் முழுக்க எல்லோருக்கும் பொது. அமெரிக்காக்காரன் பாட்டும் வெட்டுப்படும், ஜெர்மனிக்காரன் பாட்டும் வெட்டுப்படும். எனவே சத்தம் பெரிதாக எழுந்தது. வழு எவ்வளவு பெரியது என்பதைவிட, அதில் எத்தனை பேர் கால் இடறினார்கள் என்பதுதான் அது எவ்வளவு சீக்கிரம் சரியாகும் என்று தீர்மானிக்கிறது. 'கௌ' என்ற எழுத்தில் இடறுகிறவர்கள் யார்? தமிழில் தட்டுகிறவர்கள் மட்டும்தான். அவர்களும் சும்மா இருந்தால் அந்த வழுவுக்கு ஆயுசு கெட்டி.

"இதெல்லாம் சென்னை, பெங்களூரு ஐடி ஆட்களின் கவலை" என்று நினைப்பவர்கள் ஓசூரை அடுத்த சானமாவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ராகி விளையும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து வரும் யானைக் கூட்டங்கள் சானமாவு காட்டில் முகாமிடுவது வழக்கம். சுற்றியுள்ள கிராமங்களுக்கு வனத்துறை எச்சரிக்கை விடும். இரவில் வெளியே போகாதீர்கள், காவலுக்குத் தோட்டத்தில் படுக்காதீர்கள் என்று. ஒரு காலத்தில் தண்டோரா போட்டுச் சொன்ன சேதிகள் இன்று கையில் இருக்கும் போனுக்கும் வருகின்றன. ஷிப்டு முடிந்து சிப்காட்டிலிருந்து இருட்டில் வண்டியில் திரும்புகிறவருக்கு அந்தச் சேதி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன பிரயோசனம்? கண் மங்கிய தாத்தாவுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டிய போன் தமிழ் வந்ததும் ஊமையாகிவிட்டால்?

அந்தப் பக்கத்து மொழிக் கணக்கும் லேசானதல்ல. ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. தெலுங்கு வழி, கன்னட வழிப் பள்ளிகளும் உண்டு. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம், தொழிற்சாலையில் ஆங்கிலமும் இந்தியும். இப்படி ஒரு நாளில் நாலைந்து மொழி பேசுகிறவர்கள் உலகத்தில் ரொம்பப் பேர் இல்லை. ஒரு இயங்குதளத்தின் விசைப்பலகை மாற்றியைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? ஆனால் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார்? வால்பேப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

மொழி தெரிந்தவர் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை வேண்டாம். 2018 பிப்ரவரியில் நடந்ததே போதும். ஐபோனின் ஐஓஎஸ் 11.2.5 பதிப்பில், தெலுங்கின் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து ஒரு குறிப்பிட்ட குறியீட்டு வடிவில் வந்தால் அதைக் காட்ட முயன்ற செயலி அப்படியே விழுந்தது. யாராவது அந்த ஓர் எழுத்தை அனுப்பினால் போதும், பெறுகிறவரின் மெசேஜ் செயலி திறக்காது. மேக் கணினிகளும் தப்பவில்லை. 'ஜ்ஞா' ஒன்றும் அகராதியில் ஒளிந்திருக்கும் அபூர்வ எழுத்தல்ல. 'ஞானம்' என்ற சொல்லைத் தெலுங்கில் எழுதினால் முதலில் வருவதே அதுதான். கோடிக்கணக்கானவர்களின் தாய்மொழியில் உள்ள அந்த எழுத்தின் ஒரு குறியீட்டு வடிவம் வந்ததும் விலையுயர்ந்த போன் மண்டையைப் போட்டது! பிப்ரவரி 19ஆம் தேதி 11.2.6 வந்து அதைச் சரிசெய்தது. அந்த நேரத்தில் சோதனையில் இருந்த 11.3இல் இந்தக் கோளாறு இல்லை என்பதும் உண்மை. ஆனால் 11.2.5 வெளிவருவதற்கு முன் அதற்கும் வரிசையாகச் சோதனைப் பதிப்புகள் வந்தன. அவற்றை நிறுவியவர்களில் எத்தனை பேர் தெலுங்கில் நாலு வரி தட்டிப் பார்த்து, விழுந்ததும் எழுதிப் போட்டிருப்பார்கள்?

இன்று ஐபோனின் உறைகள் ஓசூர் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றன. உறைக்கு இந்த ஊர்க் கை வேண்டும். உள்ளே ஓடும் எழுத்துக்கு இந்த ஊர்க் கண் வேண்டாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு நாங்கள் ஏன் ஓசியில் வேலை பார்க்க வேண்டும்?" கேட்க வேண்டிய கேள்விதான். 1980இல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து ஓசூரில் வண்டி செய்கிறார்கள். ஓட்டிப் பார்க்காமல் எந்த மாடலும் சந்தைக்கு வருவதில்லை. ஓட்டிப் பார்க்கிறவருக்குச் சம்பளம் உண்டு, பிஎஃப் உண்டு, கேன்டீன் சாப்பாடு உண்டு. மென்பொருளை ஓட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும் ஒரு மீன் படம்தானா?

இந்தக் கோபத்தில் பாதி சரி. 2014இல் மைக்ரோசாஃப்ட் பெரிய ஆட்குறைப்பை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் 'விண்டோஸ் இன்சைடர்' திட்டமும் தொடங்கியது. உள்ளே சம்பளத்துக்குச் சோதித்தவர்கள் குறைய, வெளியே சும்மா சோதிப்பவர்கள் கூடினார்கள். இதன் பலன் 2018 அக்டோபரில் தெரிந்தது. அக்டோபர் 2ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தி, நவம்பர் 13ஆம் தேதிதான் மறுபடி வெளியிட்டார்கள். இதில் வயிறெரிய வைக்கும் விஷயம், சோதனைக் காலத்திலேயே சிலர் "என் கோப்புகள் காணாமல் போயின" என்று எழுதியிருந்தார்கள் என்பதுதான். ஆனால் அந்தப் புகாருக்கு ஆதரவு ஓட்டுகள் குறைவு. குவியலின் அடியில் புதைந்துபோனது. பிறகுதான், பாதிப்பு எவ்வளவு தீவிரம் என்று புகார் எழுதுகிறவரே குறிக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

கோப்புகளே அழிந்துபோன புகாருக்கு அந்தக் கதி என்றால், "கெ, கொ, கோ சரியா வரல" என்ற புகாருக்கு என்ன கதி? எனவே ஓசி உழைப்பு என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தின் முடிவு "சோதிக்க மாட்டோம்" என்பதாக இருந்தால் நஷ்டம் கம்பெனிக்கு இல்லை. அது தமிழைச் சோதிக்காமலேயே விற்கும். கல்லாவும் நிரம்பும். நஷ்டம் சானமாவுத் தாத்தாவுக்குத்தான். கோபத்தின் சரியான முடிவு வேறு. சோதிப்பது, எழுதுவது, வகுப்பே சேர்ந்து ஓட்டுப் போட்டு அந்தப் புகாரை மேலே தள்ளுவது, கூடவே "இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள்" என்று ஒவ்வொரு புகாரிலும் சேர்த்து எழுதுவது. ஒருவர் தனியாக எழுதினால் அது முணுமுணுப்பு. ஒரு வகுப்பில் அறுபது பேர் ஒரே வழுவின் கீழ் கையெழுத்துப் போட்டால் அது கோரிக்கை.

கம்பெனிக்கு உழைக்கவே மனம் வராதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளை மனதில் வைத்தே செய்யப்பட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸையும் போட்டுக் கொடுத்தது. என்ன நடந்தது? "இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று பாஸ் இருந்த பகுதியை அழித்து சினிமா சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் எத்தனை எத்தனை பேர்! மக்கள் வரிப்பணத்தில் வந்த தமிழ் தெரிந்த இயங்குதளம், ஓட்டிப் பார்க்கக்கூட ஆளில்லாமல் போனது. கட்டற்ற மென்பொருளில் வழு எழுதினால் அது எல்லோர் பார்வையிலும் இருக்கும். யார் திருத்தினார்கள், எப்போது திருத்தினார்கள் என்று தேதியோடு தெரியும். அங்கே செய்யும் உழைப்பு யாருடைய பங்குச் சந்தை விலையையும் ஏற்றுவதற்காக அல்ல. அங்கேயும் எழுதாமல் இங்கேயும் எழுதாமல் இருப்பதற்குக் கொள்கை என்று பெயர் வைக்கக் கூடாது. சோம்பேறித்தனம் என்பதே அதன் சரியான பெயர்.

அரசாங்கமும் இதில் தப்ப முடியாது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் வளர்ந்த 'பாரோஸ்' என்ற கைப்பேசி இயங்குதளத்தை மத்திய அமைச்சர்கள் இருவர் மேடையில் சோதித்துக் காட்டினார்கள். கைதட்டல், கேமரா எல்லாம் இருந்தது. ஆனால் அறிமுகமானபோது அது பாதுகாப்பும் ரகசியமும் முக்கியமான சில நிறுவனங்களுக்குத்தான் என்றார்கள். அமைச்சர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. ஆயிரம் மாணவர்கள் ஒரு மாதம் அதில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தட்டிப் பார்ப்பதுதான் சோதனை. இந்தியாவில் செய்தது என்ற பெருமை இருந்தால், முதல் சோதனைப் பதிப்பை ஊர்ப்புறக் கல்லூரிகளின் கையில் கொடுத்துப் பார்க்கும் தைரியமும் வேண்டும்.

சரி, "என்ன சோதிப்பது, எங்களுக்கு புரோகிராமிங் தெரியாதே" என்பவர்களுக்கு. புரோகிராமிங்கே வேண்டாம். தமிழ் தெரிந்தால் போதும்.

'கொ' என்ற எழுத்தில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. கணினியின் நினைவில் 'க'தான் முதலில், கொம்பும் காலும் அதற்குப் பின்னால். இதைச் சரியாக வரிசை மாற்றிக் காட்டுகிறதா என்று எல்லாச் செயலியிலும் பார்க்க வேண்டும். தட்டும் பெட்டியில் சரியாக வரும், தலைப்புப் பட்டையில் உடையும். இப்படிப்பட்ட வழுக்கள் நிறைய.

'கப்பல்', 'கனி' என்று இரண்டு கோப்புகள் வைத்துப் பெயர்வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். அகராதிப்படி கப்பல் முன்னால் வர வேண்டும், ஏனென்றால் தமிழ் நெடுங்கணக்கில் 'ன' கடைசி எழுத்து. ஆனால் ஒருங்குறி எண்வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன', அதற்குப் பிறகுதான் 'ப'. எண்ணைப் பார்த்து அடுக்கும் மென்பொருள் கனியை முன்னால் தள்ளிவிடும். ஒரு பள்ளியின் பெயர்ப் பட்டியலே இப்படித் தாறுமாறாகும்.

'கௌ' என்பதை ஒரே உயிர்மெய்யாகவும் தட்டலாம், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. தேடுபொறிக்கு வேறு வேறு. கௌதம் என்று தேடினால் பாதிக் கௌதம்கள் காணாமல் போவார்கள். 'ஸ்ரீ'க்கும் இதே கதைதான், அதற்கும் இரண்டு வகைக் குறியீடு உண்டு. இவற்றோடு பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பது, திரைவாசிப்பானை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

எழுதும்போதும் ஒழுங்கு வேண்டும். "தமிழ் வேலை செய்யல, சரி பண்ணுங்க" என்பது புகார் அல்ல, பெருமூச்சு. எந்தப் பதிப்பு, எந்தச் செயலி, எந்த விசைப்பலகை, எதைத் தட்டியபோது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். தமிழே தெரியாத ஒரு பொறியாளர் அதைப் படித்துவிட்டு அதே வழுவைத் தன் மேசையில் வரவழைக்க முடிய வேண்டும். அதுதான் அளவுகோல்.

"சோதனைப் பதிப்பு ஆபத்தாச்சே" என்பவர்கள் சொல்வதில் பிழையில்லை. இருக்கும் ஒரே மடிக்கணினியில், புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் வன்தட்டில் பீட்டாவைப் போடுவது வீரம் அல்ல, வம்பு. லினக்ஸ் வகையறாக்களைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டைத் தொடவே வேண்டாம். மற்றவற்றை மெய்நிகர் கணினியிலோ, பழைய இயந்திரத்திலோ போடலாம். கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுத் தொடங்கலாம். காலாவதித் தேதியையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 7 பீட்டா 2009 ஜூலை 1 முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து, ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆயுளை முடித்துக்கொண்டது. ஆபத்து உண்டு என்பது எச்சரிக்கையாக இருப்பதற்கான காரணம். ஒதுங்கி நிற்பதற்கான காரணம் அல்ல.

இதற்கு இப்போது இன்னும் அவசரம் கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் வீடுகளிலும் பள்ளிகளிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் அடுத்து எதைப் போடுவது என்று யாராவது ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அப்படி ஓட்டிப் பார்க்கிறவர் தமிழிலும் தட்டிப் பார்த்தாரா, தட்டியதில் உடைந்ததை எழுதினாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு வந்தபோது தமிழுக்கு உள்ளே ஓர் இடம் கிடைத்தது. எக்ஸ்பியில்கூட, குறுவட்டைத் தேடி எடுத்து, அமைப்புகளில் ஒரு கட்டத்தை டிக் செய்தால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. அந்த நிலை மாறியது யாரோ இரக்கப்பட்டதால் மட்டும் அல்ல. எழுத்துரு செய்தவர்கள், விசைப்பலகை எழுதியவர்கள், வழுவைச் சுட்டிக்காட்டிச் சலிக்காமல் சண்டை போட்டவர்கள் என ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. அவர்கள் வாங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு மீன் படம் பார்ப்பதற்கு ஒரு தலைமுறை போதும். மிச்சமிருப்பவர்கள் அடுத்த சோதனைப் பதிப்பு வந்ததும் முதல் வேலையாக ஒரு கோப்பைத் திறந்து 'கௌ' என்று தட்டட்டும். வால்பேப்பரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.